டீசல் வாங்காத விருந்தாளி

பெங்களூரிலிருந்து தெற்கு நோக்கி வரும் பிரயாணி, அத்திப்பள்ளியைக் கடந்து ஜூஜூவாடியில் தமிழ்நாட்டு எல்லைக்குள் பிரவேசிப்பதற்கு முன்பாகவே, அப்பால் உள்ள பெட்ரோல் பங்க்குகளில் ஏதேனும் ஒன்றில் வண்டியை நிறுத்தி டேங்கை நிரப்பிக்கொண்டு வருவது எங்கள் வட்டாரத்தில் நெடுநாளைய வழக்கமாகும். பெட்ரோலும் டீசலும் ஜி.எஸ்.டி. வரம்புக்குள் இன்னும் வராதபடியால் ஒவ்வொரு மாநிலமும் தனக்குரிய விற்பனை வரியைத் தானே நிர்ணயித்துக்கொள்கிறது. 2025 ஏப்ரல் முதல் தேதியில் கர்நாடக அரசு டீசல் வரியை 21.17 சதவீதமாக உயர்த்தி, அங்கே லிட்டர் விலை 91 ரூபாயைத் தாண்டிய சமயத்திலும், ஓசூரில் அது 94 ரூபாய்க்கு மேல் இருந்தது. லிட்டருக்கு மூன்று ரூபாய் என்பது காரில் போகிறவருக்கு அற்பமாகத் தோன்றலாம். முந்நூறு லிட்டர் பிடிக்கும் லாரிக்காரருக்கு அது தொள்ளாயிரம் ரூபாய், அதாவது வழிநெடுகச் சாப்பாட்டுச் செலவு.

ஆகவே ஓசூருக்கும் கிருஷ்ணகிரிக்கும் இடையே, பேரண்டப்பள்ளி, சூளகிரி, மேலுமலை, குருபரப்பள்ளி என்று தொடர்ந்து செல்லும் ஏறக்குறைய ஐம்பது கிலோமீட்டர்ச் சாலையில் அமைந்திருக்கும் பங்க்குகளுக்கு ஒரு விசேஷமான நிலைமை ஏற்பட்டிருக்கிறது. வடக்கிலிருந்து வருகிறவர் நிறைந்த டேங்க்கோடு வருகிறார். தெற்கிலிருந்து வருகிறவரோ, “இன்னும் கொஞ்ச தூரந்தானே, பார்டர் தாண்டிப் போட்டுக்கலாம்” என்று கணக்குப் பார்த்துக்கொண்டு வருகிறார். இருவரும் நம் பங்க்கின் வாசலில் வண்டியைத் திருப்பத்தான் செய்கிறார்கள்; ஆனால் அவர்களுக்கு வேண்டியது டீசல் அன்று. குடிக்கத் தண்ணீர், சக்கரத்துக்குக் காற்று, முகம் கழுவ ஓர் இடம், எல்லாவற்றுக்கும் மேலாகக் கழிப்பறை. ஒன்றும் வாங்காமல் வந்து நிற்கும் இந்தப் பிரயாணியை நாம் எவ்விதம் நடத்துகிறோம் என்பதைப் பற்றி, ஓசூரில் குடியிருந்துகொண்டு வேலையின் பொருட்டு இச்சாலையில் போய்வருகிறவன் என்ற முறையில், எனக்குச் சொல்ல வேண்டியது சிறிது உண்டு.

வண்டியிலேயே சமைத்து, வண்டியிலேயே உறங்கி, ஊர் ஊராகச் செல்லும் கேரவன் பிரயாணத்தைப் பற்றி இப்பொழுது அதிகமாகப் பிரஸ்தாபிக்கிறார்கள். கேரள அரசு 2021ஆம் ஆண்டில் ‘கேரவன் கேரளா’ என்ற பெயரில் அதற்கென்று ஒரு கொள்கையையே வகுத்தது. அமெரிக்காவில் நெடுஞ்சாலையோரப் பெரிய பங்க்குகள் பலவற்றில், இத்தகைய வீட்டு வண்டிகள் தாராளமாகத் திரும்புவதற்கு அகலமான தனித் தடமும், வண்டியில் சேர்ந்த கழிவுநீரை இறக்குவதற்குத் தொட்டியும், சமையல் வாயு நிரப்பிக்கொள்ளும் வசதியும் அமைத்து வைத்திருக்கிறார்கள். இவற்றைக் கேட்கும்போது, இது ஏதோ செல்வந்தர்களின் புதிய விநோதம் என்று நம்மவர் எண்ணுகிறார்கள். என் அபிப்பிராயம் வேறு. வீட்டையே வண்டியில் ஏற்றிக்கொண்டு செல்லும் பிரயாணம் எங்கள் சாலைக்குப் புதிதன்று. அதற்குப் பளபளப்பான வண்டியும் குளிர்சாதனமும் இல்லை என்பதுதான் வித்தியாசம்.

கார்த்திகை பிறந்துவிட்டால், கர்நாடகத்திலிருந்தும் ஆந்திர, தெலங்கானா பிரதேசங்களிலிருந்தும் சபரிமலைக்குச் செல்லும் ஐயப்ப பக்தர்களின் வேன்களும் பஸ்களும் இவ்வழியே இரவு பகலாகச் செல்கின்றன. கூரையில் அரிசி மூட்டை, அண்டா, அடுப்பு. ஜன்னலில் கட்டிய கயிற்றில் உலரும் கறுப்பு வேட்டிகள். தை மாதத்தையொட்டிச் செவ்வாடை உடுத்திய பெண்கள் மேல்மருவத்தூருக்குச் செல்லும் பஸ்கள் கிருஷ்ணகிரி வந்து திருவண்ணாமலைச் சாலையில் திரும்புகின்றன. பௌர்ணமிதோறும் கிரிவலத்துக்குப் போகும் பெங்களூர்க் குடும்பங்களின் டெம்போ டிராவலர்கள் வேறு. ஸ்ரீநகரிலிருந்து கன்னியாகுமரிக்குச் செல்லும் 44ஆம் எண் நெடுஞ்சாலையும், டில்லியிலிருந்து மும்பை, பெங்களூர் வழியாகச் சென்னைக்குச் செல்லும் 48ஆம் எண் நெடுஞ்சாலையும் கிருஷ்ணகிரியில்தான் பிரிகின்றன. ஆதலால் ராஜஸ்தானத்திலிருந்தும் ஹரியானாவிலிருந்தும் வரும் லாரி ஓட்டுநர்களும், டூல்பாக்ஸில் ஸ்டவ்வும் பாத்திரமும் வைத்துக்கொண்டு வாரக்கணக்கில் கேபினிலேயே குடித்தனம் நடத்துகிறவர்களும், எங்கள் சாலையின் நித்தியப் பிரயாணிகளே. ஓசூர் அசோக் லேலண்ட் ஆலையிலிருந்து கூடு கட்டாத பஸ் சேஸிஸை வெயிலிலும் காற்றிலும் ஓட்டிச் செல்லும் ஓட்டுநருக்கோ, உட்காரும் ஆசனத்தைத் தவிர வண்டியில் வேறு ஆதரவே கிடையாது.

இவர்களுக்கு ஒரு பங்க் செய்யக் கடமைப்பட்டது என்ன என்பது ஊகத்துக்குரிய விஷயமன்று. எழுதி வைத்த விதி இருக்கிறது. அரசுத் துறை எண்ணெய் நிறுவனங்கள் தம் டீலர்களுக்காக வகுத்திருக்கும் ஒழுங்கு நெறிகளின்படி, காற்று, குடிதண்ணீர், சுத்தமான கழிப்பறை ஆகியவை இலவசமாக அளிக்கப்பட வேண்டும். முதலுதவிப் பெட்டி இருக்க வேண்டும். புகார்ப் புத்தகம் கேட்டவுடன் கொடுக்கப்பட வேண்டும். டீலரின் பெயரும் நிறுவன அதிகாரியின் தொலைபேசி எண்ணும் பலகையில் கண்ணுக்குத் தெரியும்படி எழுதப்பட்டிருக்க வேண்டும். அளவில் சந்தேகம் கொண்ட வாடிக்கையாளர் கேட்டால், எடையளவுத் துறை முத்திரையிட்ட ஐந்து லிட்டர் அளவைப் பாத்திரத்தில் பிடித்துக் காட்ட வேண்டும். அதில் 25 மில்லிக்கு மேல் குறையக் கூடாது. பெட்ரோலின் தூய்மையில் ஐயம் தோன்றினால் வடிதாளைக் கேட்டு வாங்கி, நாசில் முனையைத் துடைத்துவிட்டு அதில் ஒரு துளி விட்டால், இரண்டு நிமிஷத்துக்குள் கறையின்றி ஆவியாகிவிட வேண்டும். இத்தனையும் நம்மில் பெரும்பாலோருக்குத் தெரியாது; வெளிமாநிலத்திலிருந்து வந்து நம் பலகையைப் படிக்கவும் தெரியாமல் திகைக்கும் பிரயாணிக்கு எங்ஙனம் தெரியும்? “ஜீரோ பார்த்துக்கோங்க சார்” என்று மீட்டரைச் சுட்டிக்காட்டிவிட்டு நாசிலைத் தூக்கும் தொழிலாளி, அந்த ஒரு வார்த்தையினாலேயே அந்நியருக்குத் தைரியம் அளிக்கிறார்.

காற்றைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கிருஷ்ணகிரியைத் தாண்டித் தெற்கே செல்லும் வண்டி, தர்மபுரிக்கு அப்பால் தொப்பூர்க் கணவாயின் இறக்கத்தில் இறங்கியாக வேண்டும். அங்கே நிகழ்ந்துள்ள கோர விபத்துக்கள் தமிழ்நாடு முழுவதும் அறிந்தவை. பெரும் பாரத்தோடு அவ்விறக்கத்தில் இறங்கும் வண்டிக்குச் சக்கரத்தின் காற்றழுத்தம் சரியாக இருப்பது உயிர் சம்பந்தமான விஷயமாகும். அப்படியிருக்க, காற்று இயந்திரத்தின் மேல் ‘ரிப்பேர்’ என்று எழுதிய அட்டையை மாதக்கணக்காகத் தொங்கவிட்டிருப்பதும், டீசல் போட்டால்தான் காற்று என்று முகத்தைத் திருப்பிக்கொள்வதும், சிறிய அலட்சியங்கள் என்று எண்ணி விட்டுவிடத் தக்கவை அல்ல.

ஆனால் பிரயாணிகளின் உள்ளத்தில் ஆறாத வருத்தத்தை உண்டாக்குவது கழிப்பறைதான். ஒரு தை மாதத்தில், விடியற்காலை நான்கு மணி சுமாருக்கு, சூளகிரிக்கு அருகே ஒரு பங்க்கில் நான் காற்றுப் பிடிக்க நின்றிருந்தபோது, கோலார்ப் பக்கத்திலிருந்து மேல்மருவத்தூருக்குச் செல்லும் வேன் ஒன்று வந்து நின்றது. குளிரில் முக்காடிட்ட பெண்கள் பத்துப் பன்னிரண்டு பேர் இறங்கினார்கள்; அவர்களில் ஒரு மூதாட்டி முழங்கால் வலியோடு ஒருத்தியின் தோளைப் பற்றிக்கொண்டு நின்றார். கழிப்பறையின் கதவில் பூட்டுத் தொங்கியது. “சாவி மேனேஜர்கிட்ட இருக்கும்மா, அவரு காலையிலதான் வருவாரு” என்றார் பணியிலிருந்தவர். அவர் சொன்னதில் கோபமோ ஏளனமோ இல்லை; தம் கையில் இல்லாத சாவிக்கு அவர் என்ன செய்வார்? அப்பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, செல்போன் விளக்கைப் பிடித்தபடி சாலையோரப் புதரை நோக்கி நடந்தார்கள். கிழவியை இருவர் தாங்கிக்கொண்டு போனார்கள். பிரயாணத்தின்போது தண்ணீரே குடிக்காமல் நாவறண்டு உட்கார்ந்திருக்கும் பழக்கம் நம் பெண்களுக்கு ஏன் உண்டாயிற்று என்பதும், அதனால் அவர்கள் படும் சிறுநீர்க் கடுப்பும் நோயும் எங்கிருந்து ஆரம்பமாகின்றன என்பதும் எனக்கு அன்று தெளிவாகப் புரிந்தன.

இதற்கு மாறான நடத்தையையும் இதே சாலையில் கண்டிருக்கிறேன் என்பதைச் சொல்லாவிட்டால் அநியாயமாகும். வேறொரு பங்க்கில் இரவுப் பணியிலிருந்த ஒரு பெண்மணி, இதே போன்ற ஒரு யாத்திரைக் கூட்டம் வந்து தயங்கி நின்றபோது, தாமே எழுந்து சென்று விளக்கைப் போட்டு, தெலுங்கில் அவர்களை அழைத்து வழிகாட்டினார். தண்ணீர் நின்றுவிட்டால் சொல்லுங்கள், மோட்டார் போடுகிறேன் என்றும் சொல்லி அனுப்பினார். தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே தெருவில் புழங்கும் ஓசூர் வட்டாரத்தில் பிறந்தவர்களுக்கு இந்த மும்மொழிச் சௌகரியம் இயற்கையாகவே அமைந்திருக்கிறது. அந்நியப் பிரதேசத்தில் இரவு வேளையில் தாய்மொழியைக் கேட்ட அந்த யாத்திரிகர்களின் முகத்தில் பயம் நீங்கியதை நான் பார்த்தேன். “டீசல் போடாதவங்களுக்கும் இவ்வளவு செய்யறீங்களேம்மா, முதலாளி ஒண்ணும் சொல்ல மாட்டாரா?” என்று கேட்டேன்.

“டீசல் போட்டாலும் போடுவாங்க, போடாமலும் போவாங்க சார். வயசானவங்க வண்டியில எவ்வளவு நேரம் அடக்கிக்கிட்டு உக்காந்திருப்பாங்க? எங்க முதலாளியும் அதைத்தான் சொல்லுவாரு” என்றார் அவர்.

ஒரே மாதச் சம்பளக் கணக்கில், ஒரே விதிகளின் கீழ், சில மைல் தூரத்தில் அமைந்த இரண்டு இடங்களில் இவ்வளவு வித்தியாசம் எதனால் வந்தது? முதல் இடத்தில் சாவி ஒருவருடைய மேஜையில் அடைபட்டிருந்தது. இரண்டாவது இடத்தில், இரவில் பணிபுரிகிறவரின் கையில் சாவியோடு அதிகாரமும் ஒப்படைக்கப்பட்டிருந்தது. உபசாரம் என்பது தொழிலாளியின் சுபாவத்தை மாத்திரம் பொறுத்தது என்று நினைத்து அவரைக் குறை கூறுவது சுலபம். முதலாளி அவரை நம்பி விட்டிருக்கிறாரா என்பதே அதைவிட முக்கியமான கேள்வி என்று எனக்குத் தோன்றுகிறது.

டீலர்களின் பக்கத்து நியாயத்தையும் நாம் பொறுமையோடு கேட்க வேண்டும். ஒரு லிட்டர் விற்றால் அவர்களுக்குக் கிடைப்பது சில ரூபாய்க் கமிஷன். 2017க்குப் பின் நெடுங்காலம் உயராமலிருந்த அது, 2024 அக்டோபர் இறுதியில் பெட்ரோலுக்கு 65 பைசாவும் டீசலுக்கு 44 பைசாவும் உயர்த்தப்பட்டது. எல்லைக்கு அப்பால் விலை குறைவாக இருப்பதால் இங்கே விற்பனை தேய்கிறது. ஆனால் கழிப்பறையை உபயோகிப்போர் தொகை தேய்வதில்லை. ஐம்பது பேர் கொண்ட பஸ் ஒன்று வந்து இறங்கிவிட்டுப் போனால் மேல்தொட்டி காலியாகிவிடுகிறது. கோடையில் ஆழ்குழாய்க் கிணறு கைவிட்டால் லாரித் தண்ணீர்தான் கதி. சுத்தம் செய்பவர் ஒருவரே. அவரும் இரவில் இருப்பதில்லை. உபயோகித்த துணியையும் பிளாஸ்டிக் பாட்டிலையும் கழிப்பறைக்குள் போட்டு அடைத்துவிட்டுப் போகிறவர்களும் இருக்கத்தான் செய்கிறார்கள். பூட்டுப் போடுவதற்கு இவையெல்லாம் காரணங்கள் என்று டீலர்கள் சொல்லும்போது, அவர்கள் சொல்வது பொய் என்று நான் சொல்ல மாட்டேன்.

இந்தப் பிணக்கு கேரளத்தில் நீதிமன்றம் வரைக்கும் சென்றது. தங்கள் கழிப்பறைகளைப் பொதுக் கழிப்பறைகளாக அறிவிக்கக் கூடாது என்று பங்க் உரிமையாளர்கள் வழக்குத் தொடுத்ததில், 2025 ஜூன் மாதத்து இடைக்கால உத்தரவு அவர்களுக்கு அனுகூலமாக இருந்தது. சில மாதங்களுக்குப் பின் அவ்வுத்தரவு மாற்றப்பட்டு, தேசிய நெடுஞ்சாலைகளில் உள்ள பங்க்குகள் இரவும் பகலும் பிரயாணிகளுக்குக் கழிப்பறையைத் திறந்து வைக்க வேண்டும் என்றாயிற்று. நகரத்து வீதியில் உள்ள பங்க்குக்கும் நெடுஞ்சாலைப் பங்க்குக்கும் வேறுபாடு காட்டிய அந்த நோக்கு மிகவும் நியாயமானது. நகரத்தில் வேறு போக்கிடம் உண்டு. சூளகிரிக்கும் குருபரப்பள்ளிக்கும் இடையே நள்ளிரவில் செல்லும் ஒரு குடும்பத்துக்கு, வெளிச்சமும் மனித சஞ்சாரமும் உள்ள இடம் பங்க்கைத் தவிர வேறு என்ன இருக்கிறது?

அரசாங்கமும் இவ்விஷயத்தில் முற்றிலும் சும்மா இருந்துவிடவில்லை. லாரி ஓட்டுநர்கள் படுத்து உறங்கவும், குளிக்கவும், தாமே சமைத்துக்கொள்ளவும் வசதியாக எண்ணெய் நிறுவனங்கள் பங்க்குகளில் ஏற்படுத்திவரும் ‘அப்னா கர்’ விடுதிகள், 2025 ஜூலை முதல் தேதிக் கணக்குப்படி, தேசம் முழுவதும் 368 இடங்களில் 4,611 படுக்கைகளுடன் இருந்தன. 2024 அக்டோபரில் சாலைப் போக்குவரத்து அமைச்சகம் வெளியிட்ட ‘ஹம்சஃபர்’ கொள்கை, வழியோரப் பங்க்குகளிலும் உணவகங்களிலும் சுத்தமான கழிப்பறை, குழந்தைகளுக்குப் பாலூட்டும் அறை, சக்கர நாற்காலி, மின்வண்டிக்குச் சார்ஜ் செய்யும் வசதி முதலியவற்றைப் பிரதானமாக்குகிறது. இவை வரவேற்கத்தக்கவை. ஆனால் 2025இல் நெடுஞ்சாலை ஆணையம், அசுத்தமான கழிப்பறையைப் படமெடுத்து அனுப்புவோருக்கு ஃபாஸ்டாகில் ஆயிரம் ரூபாய் சேர்ப்பதாக அறிவித்தபோது, அது ஆணையம் தானே நடத்தும் கழிப்பறைகளுக்கு மட்டுந்தான் பொருந்தும், பெட்ரோல் பங்க்குகளுக்குப் பொருந்தாது என்று விலக்கிவிட்டது. பிரயாணிகள் அதிகமாக நாடிச் செல்லும் இடமே கணக்கிலிருந்து விடுபட்டுப் போயிற்று.

பிரயாணிகளாகிய நமக்கும் கடமைகள் உண்டு. அவற்றுள் தலையாயது நெருப்பு சம்பந்தப்பட்டது. 2023 ஆகஸ்டு 26ஆம் தேதி மதுரையில், லக்னோவிலிருந்து வந்த சுற்றுலா ரயில் பெட்டியில், விதிக்கு மாறாகக் கொண்டுவந்த சமையல் வாயு சிலிண்டரினால் தீப்பற்றி ஒன்பது பேர் மாண்டார்கள். யாத்திரைக் கூட்டத்தார் பங்க்கின் முற்றத்திலேயே, நிலத்தடித் தொட்டிக்கு டீசல் இறக்கும் இடத்துக்குப் பக்கத்தில், காபிக்கு அடுப்பு மூட்ட ஆயத்தமாவதைக் கண்டால் எனக்கு அந்தச் செய்திதான் நினைவுக்கு வருகிறது. அங்கே பணியாளர் விரட்டுவது அவசியம். அவர் விரட்டியதோடு நில்லாமல், “அந்தப் புளிய மரத்துக்கு அப்பால போய்ச் சமைச்சுக்குங்க சாமி, தண்ணி இங்கே பிடிச்சுக்குங்க” என்று மாற்று இடமும் காட்டினாரானால், சாமிமார்களும் மனங்கோணாமல் போய்விடுவார்கள். வேண்டாம் என்பதோடு கூட வேறு வழியையும் சொல்வதுதான் வாடிக்கையாளர் சேவை என்பதன் சாரம் என்று நான் கருதுகிறேன்.

வாங்காத பிரயாணியையும் உபசரிப்பதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது, இது வியாபாரத்தைச் சேர்ந்தது. ஓசூரில் டி.வி.எஸ்., ஏத்தர் ஆகிய நிறுவனங்களும், கிருஷ்ணகிரி மாவட்டத்துப் போச்சம்பள்ளியில் ஓலாவும் மின்வாகனங்களைத் தயாரிக்கின்றன. இத்தேசத்தின் வாகன மாறுதலுக்கு எங்கள் மாவட்டமே ஒரு தொட்டிலாக அமைந்திருக்கிறது. கார்களும் வேன்களும் படிப்படியாக மின்சாரத்துக்கு மாறும் காலத்தில், ஐந்து நிமிஷத்தில் டீசல் போட்டுக்கொண்டு பறந்துவிடும் வழக்கம் மறைந்து, சார்ஜ் ஏறும் வரையில் அரை மணியோ முக்கால் மணியோ ஒரே இடத்தில் குடும்பத்தோடு காத்திருக்க வேண்டிவரும். எல்லைக்கு அப்பால் டீசல் மலிவு என்ற கவர்ச்சி அன்று மங்கிவிடும். நிழலும், தண்ணீரும், மரியாதையான வார்த்தையும் எங்கே கிடைக்கின்றனவோ அங்கேதான் வண்டிகள் நிற்கும். இன்று வாங்காமல் வருகிறவரை உபசரித்துப் பழகிய பங்க், அன்றைக்கு வேண்டிய பயிற்சியை இப்பொழுதே பெற்றுவிடுகிறது.

எங்கள் சாலையில் நான் விரும்புவதெல்லாம் சாத்தியமானவையே. பெண்கள் கழிப்பறையின் சாவி, இரவிலும், பணியிலிருப்பவர் கைக்கு வரட்டும். அதற்குச் செல்லும் வழியில் ஒரு விளக்கு எரியட்டும். தண்ணீர்க் குழாய் ஒன்று அலுவலகத்துக்கு வெளியே, கேட்காமலே பிடித்துக்கொள்ளும்படி இருக்கட்டும். இலவசமாகக் கிடைப்பவை இவையென்று தமிழ், கன்னடம், தெலுங்கு, இந்தி ஆகிய நான்கு மொழிகளில் ஒரு பலகை எழுதப்படட்டும். யாத்திரை மாதங்களில் மட்டுமாவது இரவில் சுத்தம் செய்வதற்கு ஓர் ஆள் அமர்த்தப்பட்டு, அச்செலவில் ஒரு பகுதியை எண்ணெய் நிறுவனம் ஏற்றுக்கொள்ளட்டும். விதியை எழுதியவர்கள் அதை நிறைவேற்றும் சிரமத்திலும் பங்கு கொள்வது தர்மம் அல்லவா?

வாசக அன்பர்கள் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. பூட்டிய கதவைக் கண்டால், சத்தம் போடாமல் புகார்ப் புத்தகத்தைக் கேட்டு வாங்கித் தேதியும் நேரமும் குறித்து எழுதுங்கள். நிறுவன அதிகாரி அதைப் பார்வையிடக் கடமைப்பட்டவர். அதே போல, இரவில் எழுந்து வந்து கதவைத் திறந்துவிட்டவர் எவரேனும் இருந்தால், அவருடைய பெயரைக் கேட்டு, அவர் செய்த உதவியையும் அதே புத்தகத்தில் எழுதிவிட்டு வாருங்கள். குறைகளுக்கென்றே வைத்திருக்கும் அந்த ஏட்டில் நன்றியும் இடம்பெற்றால், டீசல் வாங்காதவருக்கு உழைத்ததும் உழைப்புத்தான் என்பதை முதலாளி அறிவார். அடுத்த சம்பள உயர்வைப் பேசும் நாளில் அந்தத் தொழிலாளிக்கு அது ஒரு சாட்சியமாகவும் நிற்கும்.